பெயர்ச்சீட்டு இல்லாத வாழை

“மாமா, இது எந்த வாழை? குளிருக்குத் தாங்குமா? பழம் போடுமா? அம்மம்மா உங்களிடம் கேட்டுச் சொல்லட்டாம்.”

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த வேளையில், இலண்டன் நகரின் வடமேற்குப் பக்கத்தில் வசிக்கும் என் தங்கையின் மகள் கைத்தொலைபேசி மூலம் அனுப்பிய வினாக்கள் இவை. கூடவே மூன்று படங்களும் வந்திருந்தன. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒரே மூச்சிற் கேட்ட இம்மூன்றனுள் முதலாவதற்கு விடை கண்டாலன்றி மற்றை இரண்டிற்கும் விடை கூற இயலாது. அந்த முதலாவது வினாவோ, தாவரவியலிற் பட்டம் பெற்றவன் ஒருவனைத் தலைகுனிய வைக்கப் போதுமானது.

கன்று வந்த விதத்தை முதலிற் கூறுகிறேன். ஆங்கில நாட்டிற் கோடை முடியுந் தறுவாயில், பூஞ்செடி விற்குங் கடைகளில் விலைப்படாது மிஞ்சியவற்றை மலிவு விலைக்குத் தள்ளிவிடுவர். அவ்வாறு ஒதுக்கிவைத்திருந்த கன்றொன்றை என் மைத்துனர் வாங்கி வந்தார். சாடியிற் செருகியிருக்கவேண்டிய பெயர்ச்சீட்டு எங்கோ விழுந்துபோயிற்று. கடையில் நின்ற இளைஞனிடம் இதன் பெயர் யாதென வினவியபோது, ‘வாழை’ என்று பதில் வந்ததாம். அது எங்கள் வீட்டாருக்கும் தெரிந்திருந்தது.

என் தாயார் தங்கையுடன் வசிக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்நாட்டில் அவருக்குக் கிடையாதது என்று சொல்லத்தக்க பொருள் அதிகம் இல்லை. முருங்கைக்காயும் பனங்கட்டியும் கடையிலே கிடைக்கின்றன. வாழையிலையும் கிடைக்கிறது, ஆனால் நெடுந்தூரம் ஆகாயமார்க்கமாக வந்து, பொலித்தீன் உறைக்குள் வியர்த்து, ஓரங் கறுத்துக் கிடைக்கிறது. புரட்டாதி மாதத்தில் வருகின்ற என் தந்தையாரின் திவசத்துக்கு அந்த இலையைக் கழுவித் துடைத்துப் படைக்கும்போதெல்லாம் அம்மா ஒன்றும் பேசுவதில்லை. பேசாதிருப்பது எதனால் என்பதை வீட்டில் எல்லாரும் அறிவர். தோட்டத்து வாழையின் நடுவே நாற்பது வருடம் நின்ற மனிதருக்கு, வாங்கிய இலையில் அன்னம் வைப்பது அவருக்கு ஒப்பவில்லை.

இதற்கு முன்னரும் ஒரு வாழை அந்த வளவிலே நின்றது. 2022ஆம் ஆண்டின் கோடையில் வாங்கியது. செக்கச் சிவந்த பெரிய இலைகளுடன், பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும் தோற்றம். அவ்வருடம் டிசம்பர் மாதத்து இரண்டாங் கிழமையில் ஆங்கில நாடு முழுவதையும் கடுங்குளிர் பிடித்தது. இலண்டனிலும் பனி கொட்டியது. என் மைத்துனர் ஊர் வழக்கப்படி யோசித்தார். தாய்மரம் போனாற் போகட்டும், அடியிலிருந்து குட்டி வெடிக்கும் என்று எண்ணி, தரையோடு ஓரடி விட்டு வெட்டி, மேலே சருகைக் குவித்துவிட்டார். தை போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையிற் சருகை விலக்கிப் பார்த்தபோது, அழுகிய கூழைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. ‘வாழையடி வாழை’ என்று வாழ்த்திப் பழகிய அம்மாவுக்கு, வாழையொன்று குட்டியில்லாமற் போனது அபசகுனமாகவே தோன்றியது. இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லையென்று தங்கை எழுதினாள்.

ஆகவே இரண்டாவது கன்றின் பெயரைக் கேட்டது வெறும் ஆவலினால் அன்று.

பழைய படமொன்றை அனுப்புமாறு கேட்டு, மாண்டுபோன வாழையையே முதலில் விசாரித்தேன். நாங்கள் வாழையென்று அழைப்பனவற்றுள் இரண்டு சாதிகள் உள. ஒன்று ‘மூசா’, எங்கள் கதலி, இதரை, கப்பல், மொந்தன் எல்லாம் இதனைச் சேர்ந்தவை. மற்றையது ‘என்செற்றே’. முன்னதன் தங்கை போலத் தோன்றினும் குணத்தில் வேறானது. அடி குடம்போலப் பருத்திருக்கும்; இலைக்காம்பு மிகக் குறுகியது; இலைகள் தண்டிலிருந்தே நேராகக் கிளம்புவதுபோற் காணப்படும். எல்லாவற்றிலும் முக்கியமானது, இது தானாகக் குட்டி போடுவதில்லை. ஒருமுறை பூத்துக் காய்த்து விதை உதிர்த்துவிட்டு, வேரோடு மடியும். ஆங்கில நாட்டிற் செந்நிற இலைக்காக விரும்பி வளர்க்கப்படுவது இதன் ஒரு பேதமே. படத்தில் நின்றது அதுதான். குட்டிக்காகக் காத்திருந்த இடத்திற் குட்டிக்கு வழியே இல்லை.

இந்த என்செற்றேயைப் பற்றிச் சற்று அதிகம் சொல்லவேண்டும். ஏனெனில் எங்களிற் பலர் இதனைக் கேள்விப்பட்டதில்லை. எத்தியோப்பிய நாட்டின் தென்பகுதி மலைப்பிரதேசங்களில் ஏறத்தாழ இரண்டு கோடி மக்களுக்கு இதுவே சோறு. பழத்துக்காக அன்று. பழத்தில் விதையே மிகுதி. பருத்த தண்டின் மடல்களைச் சுரண்டி எடுத்த மாவையும், கிழங்கையும், குழி வெட்டி இலை பரப்பிப் புதைத்துப் புளிக்கவைப்பர். மாதக்கணக்கிற் புளித்த மாவைத் தட்டிச் சுட்டாற் ‘கொச்சோ’ என்னும் ரொட்டி ஆகிறது. மழை பொய்த்த வருடத்திலும் நிலத்தில் நிற்கும் இந்தச் செடி குடும்பத்தைக் காப்பாற்றும். தானாகக் குட்டி போடாத செடியை அந்நாட்டு உழவர் எவ்வாறு பெருக்குகின்றனர் என்று மாணவர் கேட்கலாம். தண்டை வெட்டி, கிழங்கின் நடுவிலுள்ள வளர்முனையைத் தோண்டி அகற்றிவிட்டு மண்ணால் மூடுகின்றனர். நடுமுனையின் ஆதிக்கம் நீங்கியதும் கிழங்கைச் சுற்றி உறங்கிக் கிடந்த அரும்புகள் பத்துக்கணக்கில் விழித்தெழுகின்றன. என் மைத்துனர் செய்ததும் வெட்டுதல்தான். ஆனால் வளர்முனையை அகற்றாமல், வெப்பமில்லாத ஈரமண்ணில், மாரியின் நடுவே செய்தார்.

செவ்வாழைபோற் காட்சி தரும் அச்செடியைக் காப்பாற்ற வழி வேறு. உறைபனி விழுமுன் வேரோடு கிளப்பி, நடுக்குருத்தைத் தவிர மற்றை இலைகளைக் கழித்து, மடல்களுக்கிடையே தங்கிய நீர் வடியும்படி சில நாட்கள் தலைகீழாகச் சாத்திவைத்து, பின்னர் நீர் உறையாத உலர்ந்த அறையொன்றிலே வசந்தம் வரைக்கும் உறங்கவிடவேண்டும். மோட்டார் வண்டிக் கொட்டகை போதுமானது. இதனைத் தங்கைக்கு எழுதியபோது, “அண்ணா, இதை அப்போதே கேட்டிருக்கலாம்” என்று பதில் வந்தது. அவர்கள் கேட்டிருந்தாலும், படத்தை உற்றுப் பாராமல் ‘குட்டி வரும்’ என்றே நானும் எழுதியிருப்பேனோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

இனிப் புதிய கன்றுக்கு வருவோம். மருமகளை நிலத்திற் குந்தவைத்துச் சில கேள்விகளைக் கேட்டேன். அடி குடம்போலப் பருத்திருக்கிறதா? இல்லை, ஒரே மட்டமாக இருக்கிறது. பக்கத்தில் ஏதேனும் முளைத்திருக்கிறதா? ஆம், சாடியின் விளிம்பை நெருக்கிக்கொண்டு மூன்று குட்டிகள். அவ்வளவில் என்செற்றே அன்று என்பது உறுதியாயிற்று. அம்மாவுக்கு அந்தச் சொல்லே பாதி மருந்தாயிற்று.

அடுத்ததாக, இளம் இலையில் இரத்தம் தெறித்தாற்போன்ற கபிலநிறத் திட்டுக்கள் உண்டா என்று கேட்டேன். இருப்பின் அது குட்டைக் கவெண்டிஷ் ஆகலாம். இன்று உலகச் சந்தையில் ஏற்றுமதியாகும் பழங்களிற் பெரும்பகுதி கவெண்டிஷ் இனத்தைச் சேர்ந்தது. இப்பெயர் சூட்டப்பட்டதும் குளிர்நாட்டிலேதான். டார்பிஷயரிலுள்ள சட்ஸ்வேர்த் மாளிகைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரராயிருந்த ஜோசப் பக்ஸ்ரன், மொரீஷியஸ் தீவினின்றும் வந்த கன்றொன்றைக் கண்ணாடி வீட்டினுள்ளே சூடேற்றி வளர்த்தார். 1835ஆம் ஆண்டு நவம்பரில் அது பூத்தது. தம் எசமானரான டெவன்ஷயர்ப் பிரபுவின் குடும்பப் பெயரை அதற்கு இட்டார். பிற்காலத்தில் 1851ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குப் பளிங்கு மாளிகையை அமைத்தவரும் அவரே. ஒரு வாழைக்குப் பிரபு வீட்டின் அடுப்பெல்லாம் எரியவேண்டியிருந்தது. தங்கையின் வீட்டில் அவ்வளவு எரிபொருளுக்கு இடமில்லை; நல்லவேளையாகத் திட்டுக்கள் எவையும் இல்லையென்று மருமகள் சொன்னாள்.

இலையின் அடிப்புறமோ நடுநரம்போ சிவந்திருக்கிறதா என்றேன். இமயமலைச் சாரலிலுள்ள சிக்கிம் வாழையில் அத்தகைய செம்மை காணப்படுவதுண்டு. பச்சையைத் தவிர வேறு நிறமே கிடையாது என்று விடை வந்தது. மெல்லிய பச்சைத் தண்டு, ஒடுங்கி நீண்ட இலை, தாராளமாகக் குட்டி, குளிர்நாட்டுக் கடையில் மலிவாகக் கிடைத்தமை: இவையெல்லாம் ஒருங்கே ‘மூசா பாஸ்ஜூ’வைச் சுட்டின. அதனை யப்பானிய வாழையென்பர். உண்மையில் அதன் தாயகம் சீனாவின் தென்பாகம். யப்பானியர் மொழியில் ‘பாஷோ’ என்பது வாழையின் பெயர். பதினேழாம் நூற்றாண்டிலே சீடர் ஒருவர் குடிசையருகே நட்டுக்கொடுத்த வாழையை நேசித்து அதன் பெயரையே தம் புனைபெயராக்கிக்கொண்டார் ஒரு பெருங்கவிஞர். பழமில்லாத, காற்றிற் கிழிகின்ற அந்த இலையையே அவர் விரும்பினார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அவருக்கு நல்ல மனம்” என்றார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மாணவருக்கு ஒளிக்காமற் சொல்லவேண்டும். பூவாத வாழையை இலையைக் கொண்டு மட்டும் முற்றாக நிச்சயிக்க முடியாது. 1955ஆம் ஆண்டில் சிம்மண்ட்ஸ், ஷெப்பேர்ட் என்னும் இருவர், உண்ணும் வாழைகளின் பிறப்பை அறிவதற்குப் பதினைந்து குணங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடும் முறையை வகுத்தனர். இன்றும் அதனை உபயோகிக்கின்றனர். அப்பதினைந்தில் மிகப்பெரும்பாலானவை பொத்தியிலும் பூவிலும் குலைக்காம்பிலும் உள்ளவை. தண்டின் நிறம், இலைக்காம்பின் வாய்க்கால் முதலிய சிலவே பூவாத செடியிற் பார்க்கத்தக்கவை. என் தந்தையார் ஓரடிக் குட்டியைக் கண்டதும் ‘இது கதலி, அது மொந்தன்’ என்பார். ஆனால் அவர் தெரியவேண்டியிருந்தது தம் தோட்டத்து ஐந்தாறு இனங்களுக்குள்ளேதான். உலகத்து வாழைகள் எல்லாம் ஒரு கடையிலே பெயரின்றி வந்து நிற்கும்போது அந்தக் கண்ணுக்கும் தடுமாற்றம் வரும்.

எனவே நான் கொடுத்த யோசனை இரண்டு படகில் கால் வைப்பதுதான். தாய்மரம் பாஸ்ஜூ என்று கொண்டு வெளியிலே நிற்கட்டும். வேர்விட்ட குட்டி ஒன்றைப் பிரித்துச் சிறு சாடியிலே வைத்து, வெளிச்சமுள்ள குளிர்ந்த அறையில், மண் காயாமலிருக்கமட்டும் நீர் தெளித்துக் காப்பாற்றட்டும். என் கணிப்புப் பிழைத்தால் தாய் போகும், குட்டி இருக்கும். குட்டி பிரிப்பதற்கு ஏற்ற காலம் வசந்தத்தின் இறுதியே. ஐப்பசியிற் பிரிப்பது நல்லதன்று. ஆயினும் வேறு வழி இருக்கவில்லை.

தாய்மரத்தை மூடும் முறையைச் சொல்லுமுன், வாழையின் உயிர் எங்கே இருக்கிறதென்பதைச் சிறிது கவனிக்கவேண்டும். நாம் தண்டு என்று சொல்வது தண்டு அன்று. ஒன்றை ஒன்று தழுவிய இலைமடல்களின் கட்டு. மெய்யான தண்டு மண்ணுக்குட் கிழங்காக இருக்கிறது. பூக்கும் காலம் வரும்வரைக்கும் வளர்முனை அக்கிழங்கின் தலையிலேயே, நிலமட்டத்தை அண்டி ஒளிந்திருக்கும். ஏறத்தாழ 14 பாகை செல்சியசுக்குக் கீழே வாழை வளர்வதை நிறுத்துகிறது. உறைநிலைக்குக் கீழே இலைக்கலங்களிலுள்ள நீர் பனிக்கட்டியாகிக் கலங்கள் சிதைகின்றன. இலை ஓர் இரவிலே கறுத்துத் தொங்குகிறது. பார்ப்பவருக்கு வாழை செத்ததுபோலத் தோன்றும். ஆனால் மண் தன் வெப்பத்தை இலகுவில் விடுவதில்லை. மேலே பத்துப் பாகைக்கு மேற்பட்ட உறைகுளிர் நிலவும்போதும், தடித்த சருகுப் போர்வையின் கீழே பாஸ்ஜூவின் கிழங்கு உயிரோடு இருக்கும். அதனால் ஒன்றுமே செய்யாவிடினும் அது பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். தண்டையும் காப்பாற்றுவது எதற்காகவெனில், தண்டு தப்பினால் அடுத்த கோடையில் வாழை அரையாள் உயரத்திலிருந்து புறப்படும். தப்பாவிடில் நிலத்திலிருந்து புறப்படவேண்டும். புரட்டாதிக்குள் படைக்கத்தக்க அகலத்தில் இலை வேண்டுமாயின், அந்த வேறுபாடு பெரிது.

முதல் உறைபனி இலையைக் கறுக்கச் செய்யும் வரைக்கும் காத்திருக்குமாறு சொல்லியிருந்தேன். அது நவம்பர் மாதத்துக் கடைசிக் கிழமையில் வந்தது. மைத்துனர் இலைகளை வெட்டிவிட்டு, நான்கடித் தண்டைச் சுற்றிக் கம்பி வலையால் ஒரு வளையம் இட்டு, உள்ளே உலர்ந்த வைக்கோலைத் தளர்வாக நிரப்பினார். அடியில் உக்கிய இலைக்குப்பையைக் குவித்தார். மழை உள்ளே இறங்காதபடி மேலே ஒரு பழைய தகரமூடியை வைத்தார். அவர் பொலித்தீன் தாளால் இறுகச் சுற்ற எண்ணியிருந்தார்; நான் தடுத்தேன். அந்நாட்டு மாரியிற் குளிரைவிடக் கொடிய எதிரி ஈரம். காற்றோட்டமின்றி மூடிய தண்டு, உறையாமலே அழுகிவிடும். வீட்டு வேலையென்றால் தட்டிக்கழிக்கும் அம்மனிதர் இந்த வேலையை மட்டும் சொல்லுக்குச் சொல் செய்தார். சென்றமுறை வெட்டிய கத்தி அவர் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது போலும்.

மார்கழி, தை, மாசி. அம்மா சமையலறை யன்னலுக்கூடாக அந்த வைக்கோல் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சாடியில் வைத்த குட்டியோ, ஒரு இலையை மஞ்சளாக்கி உதிர்ப்பதும் அசையாதிருப்பதுமாக எல்லாரையும் பயமுறுத்தியது. தைமாத நடுவிலே மீண்டும் கடுங்குளிர் வந்தது. “திறந்து பார்க்கலாமா?” என்று மூன்று தடவை கேட்டாள் தங்கை. மூன்று தடவையும் வேண்டாமென்றேன்.

ஏப்ரல் முடிவில் வைக்கோலை மேலிருந்து சிறிதுசிறிதாக நீக்கத் தொடங்கினர். தண்டின் நுனி ஓரடி அளவுக்குக் கூழாகி நாறியது. அன்றிரவு அம்மா என்னுடன் கதைக்க மறுத்துவிட்டார். மறுநாள் மைத்துனரிடம், கூரிய கத்தியால் மேலிருந்து இரண்டு இரண்டு அங்குலமாக, கை நிதானத்துடன் சீவிக்கொண்டு வரச் சொன்னேன். கபிலநிறம் நீங்கி வெள்ளைச் சதையும் நடுவிலே பசுமையும் தெரிந்தவுடன் நிறுத்தவேண்டும். ஐந்தாவது வெட்டில் வெள்ளை தெரிந்தது. ஆறாவதில் நடுவிலே விரலளவு பச்சைவட்டம். அவர் நிறுத்தினார். அடுத்தநாட் காலையில் மருமகள் அனுப்பிய படத்தில், தட்டையாக வெட்டிய முகத்தின் மத்தியிலிருந்து சுருண்ட குருத்து அரை அங்குலம் எழுந்து நின்றது. படத்தின் கீழே அவள் ஒன்றும் எழுதவில்லை.

வைகாசிப் பிற்பகுதியில் இனி உறைபனி இல்லையென்று கண்டபின் வளையத்தை முழுதும் எடுத்தார்கள். கோடைகாலத்தில் எட்டு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒன்றாக இலை விரிந்தது. குட்டிகளும் பெருகின. வாங்கிய வருடத்து இலையை உணவு வைக்க எடுக்கவேண்டாமென்று முன்னரே சொல்லியிருந்தேன். அலங்காரச் செடிகளுக்குக் கடைக்காரர் என்ன மருந்து தெளித்தனரோ யாரறிவார்? புதுவருடத்து இலைக்கு அந்தப் பயமில்லை. 2024ஆம் ஆண்டு புரட்டாதித் திவசத்தன்று காலையில் ஐந்து இலை வெட்டினர். பாஸ்ஜூவின் இலை எங்கள் ஊர் இலையைப்போல உறுதியானதன்று. காற்று வேறு மூன்றைக் கிழித்திருந்தது. முழுதாயிருந்த இரண்டில் ஒன்றில் அம்மா படைத்தார். மற்றையதை மைத்துனருக்குப் போட்டாராம்.

பழத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்ஜூ அந்நாட்டிலும் சில வருடங்களிற் பொத்தி தள்ளக்கூடும். காய் சிறியது; உள்ளே கறுத்த விதையே மிகுதி; உண்ண உதவாது. இதனை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று ஒரு வருடமாகத் தயங்கியிருந்தேன். சொன்னபோது அவர், “பழம் கடையிலே கிடக்குதுதானே” என்றார்.

சென்ற வைகாசியில் அடுத்த வீட்டு ஆங்கில அம்மையார் ஒரு குட்டி கேட்டார். மருமகள் வெள்ளைத் தகட்டிற் பெயரெழுதிச் சாடியிலே செருகப் போனாள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி இடுமாறு சொன்னேன். ஏன் மாமா என்றாள். பொத்தி வரட்டும், பிறகு அழிக்கலாம் என்றேன்.